நடுவில் எவ்வளவு இடம்? – ஆங்கிலக் கூட்டுவினைகளும் அவற்றோடு வரும் பெயர்த்தொடர்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு மூலை. பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கத்துக்கு மேல் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ‘கிவ் அப்’, ‘டேக் ஆஃப்’, ‘புட் அவுட்’ என்று இடப்பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். வலப்பக்கம் ஒற்றைச் சொல்லில் பொருள் இருக்கும். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று தலைப்பும் இருக்கும். மாணவர் மனப்பாடம் செய்கிறார், கோடிட்ட இடத்தை நிரப்புகிறார், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார். ஆனால் வாய்திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய நேரத்தில் தடுமாறி நிற்கிறார். பட்டியலில் வினை இருந்தது, அதன் பின்னால் வரும் சிறுசொல் இருந்தது. அவற்றோடு வர வேண்டிய பெயர்தான் இல்லை. அந்தப் பெயரை எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் வாதம் இதுதான். இந்த வினைகளைப் பெயரிலிருந்து பிரித்துக் கற்பிக்க முடியாது. ஒரு பெயர்த்தொடர் எவ்வளவு நீளமானது, கேட்பவருக்கு அது புதிதா பழகியதா என்பதே வினை எந்த உருவத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

எளிய உதாரணத்தில் தொடங்குகிறேன். விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும். ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்று சொல்லலாம். ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ‘த லைட்’ என்ற இடத்தில் ‘இட்’ என்ற பிரதிப்பெயரை வைத்துப் பாருங்கள். ‘டர்ன் இட் ஆஃப்’ சரி; ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. இனி எதிர்த்திசையில் போவோம். பெயரை நீட்டுங்கள்: ‘பாட்டி இரவெல்லாம் எரியவிட்டுத் தூங்கும் அந்தச் சின்ன நீல விளக்கு’ என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் அமையுங்கள். அந்த முழுத் தொடரையும் ‘டர்ன்’ என்ற வினைக்கும் ‘ஆஃப்’ என்ற சிறுசொல்லுக்கும் நடுவில் வைத்தால் இலக்கணப்படி அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ‘டர்ன் ஆஃப்’ என்று இரண்டையும் முதலில் சேர்த்துச் சொல்லிவிட்டு, நீண்ட பெயரைப் பின்னால் விடுவார்.

ஆக, ஒரு முனையில் கண்டிப்பான விதி. மறுமுனையில் கண்டிப்பான பழக்கம். நடுவில் பெரிய சுதந்திரம். பாடநூல்கள் முதல் முனையை மட்டும் சொல்கின்றன. நடுவில் இருப்பதைப் பற்றி ‘இரண்டும் சரி’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. மொழியின் உயிர் இருப்பதோ அந்த நடுவில்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் பெயர்த்தொடரின் கட்டமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் பெயரை வருணிக்கும் எல்லாமே பெயருக்கு முன்னால் வரும். ‘நேற்று மதுரையிலிருந்து மாமா வாங்கிவந்த சிவப்புப் பை’ என்கிறோம். எத்தனை பெயரெச்சம் வந்தாலும், எத்தனை அடை வந்தாலும், ‘பை’ வந்ததும் தொடர் முடிந்தது. ‘பையை’ என்று உருபும் ஏறிவிட்டால் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் வருணனை இரண்டு பக்கமும் உண்டு. ‘சிவப்பு’, ‘பழைய’, ‘சின்ன’ போன்ற அடைகள் முன்னால் வரும். மாமா, மதுரை, நேற்று எல்லாம் ‘பை’க்குப் பின்னால் வரும். பெயர் வந்த பிறகும் தொடர் வளர்ந்துகொண்டே போகலாம், எங்கே முடியும் என்று கேட்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று அடைகள் இருப்பது பெரிய பாரமில்லை. ‘டேக் த ஓல்ட் ரெட் பேக் அவுட்’ என்பது இயல்பாகவே இருக்கிறது. பின்னால் வரும் வருணனைதான் பாரம். அதற்குள் வேறொரு வினையும் வந்துவிட்டால், கடைசியில் தனியாக வந்து நிற்கும் ‘அவுட்’ எந்த வினையோடு சேர்வது என்ற குழப்பமும் கூடவே வரும்.

கேட்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ‘டேக்’ என்ற வினை காதில் விழுந்துவிட்டது. அதன் பொருள் இன்னும் தெரியாது. ‘டேக் அவுட்’ என்றால் வெளியே எடுப்பது, ‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பேற்பது, ‘டேக் டவுன்’ என்றால் இறக்குவது அல்லது எழுதிக்கொள்வது. சிறுசொல் வரும்வரை அவர் அந்த வினையை மனத்தில் தாங்கியே நிற்க வேண்டும். நம் ஊர்ச் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற அவை நட்டு வைக்கப்பட்டன. ஆங்கிலம் பேசுபவர் சிறுசொல்லை முன்னுக்கு இழுப்பது, கேட்பவருக்கு அந்தக் கல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் நட்டு வைப்பதுதான்.

இந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒட்டோ பெஹாகெல் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் 1909இல், வாக்கியத்தில் சிறிய உறுப்பு முன்னும் பெரிய உறுப்பு பின்னும் வரும் போக்கை ஒரு விதியாக எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாணினி, சமஸ்கிருத உம்மைத்தொகையில் அசை குறைந்த சொல் முதலில் வரும் என்று சூத்திரம் செய்துவிட்டார். அது சொற்களைப் பற்றியது, இது தொடர்களைப் பற்றியது. ஆனாலும் நீளம் வரிசையை ஆளும் என்ற பார்வை இருவருக்கும் பொது. 1967இல் ஜான் ராபர்ட் ராஸ் தம் எம்ஐடி ஆய்வேட்டில், கனமான பெயர்த்தொடர் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்வதை விரித்து எழுதினார். டுவைட் போலிங்கர் 1971இல் இந்த வினைகளைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். 2003இல் ஸ்டெஃபான் கிரீஸ் உண்மைப் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் வாக்கியங்களைத் திரட்டி, சிறுசொல்லின் இடத்தை எத்தனை காரணங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு லோஸெ, ஹாக்கின்ஸ், வாஸோ மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, வினைக்கும் சிறுசொல்லுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே பேசுபவரின் நாட்டம் என்று வாதிட்டது. இந்தப் பெயர்களை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆசிரியர்கள் வைத்துக்கொண்டால் நல்லது. ‘அது அப்படித்தான், கேள்வி கேட்காதே’ என்று சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இனி இல்லை.

நீளம் மட்டும் காரணமில்லை என்றேன். புதுமையும் ஒரு காரணம். ஒரு கதையில் ஒருவன் சட்டைப்பையிலிருந்து கத்தி எடுக்கிறான். கத்தி அங்கேதான் முதன்முதல் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹீ டுக் அவுட் எ நைஃப்’ என்று எழுதுவார்கள். கத்தி கடைசியில் வந்து கண்ணில் படும். இரண்டு பத்தி கழித்து அவன் மனம் மாறிக் கத்தியை மீண்டும் உள்ளே வைக்கிறான். இப்போது ‘ஹீ புட் த நைஃப் பேக்’ என்று வருவதே இயல்பு. கத்தி நமக்குத் தெரிந்ததுதான். ‘பேக்’ என்பதில்தான் செய்தி இருக்கிறது. இரண்டு வாக்கியத்திலும் பெயர்த்தொடரின் நீளம் ஒன்றே. மாறியது வாசகரின் அறிவு.

பிரதிப்பெயர் ஏன் நடுவில்தான் வர வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ எல்லாம் மிகச் சிறியவை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சுட்டுபவை. அழுத்தம் இல்லாமல் ஒலிப்பவை. கடைசி இடம் செய்திக்குரிய இடம், அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. அதே பிரதிப்பெயர் வகையில் ‘திஸ்’, ‘தீஸ்’ என்று கைகாட்டி அழுத்திச் சொல்லும் சொற்கள் கடைசியில் வரலாம். ‘பிக் அப் தீஸ்’ என்றால் தவறில்லை, ஏனென்றால் எவற்றை என்பதே அங்கே செய்தி. விதியின் காரணம் தெரிந்தவருக்கு விதிவிலக்கு அதிர்ச்சி தருவதில்லை.

பொருளுக்கும் பங்கு உண்டு. சிறுசொல் தன் நேர்ப்பொருளில், திசையைக் காட்டி நிற்கும்போது எளிதில் பிரிந்து போகும். பெட்டியை உள்ளே கொண்டுவருவது ‘பிரிங் த பாக்ஸ் இன்’. ஜூரி குழு தீர்ப்பு வழங்கும்போது அதே ‘பிரிங் இன்’ ஒட்டியே நிற்க விரும்புகிறது. ‘கிவ் அப் ஹோப்’ என்று நம்பிக்கையை இழப்பதைச் சொல்வார்கள். நடுவே ‘ஹோப்’ வைத்துச் சொல்வதைக் கேட்பது அரிது. பின்னால் இடம் சுட்டும் தொடர் வந்தால் சிறுசொல் அதன் பக்கமாகச் சாய்ந்துவிடும்: குழந்தையைக் கட்டிலில் கிடத்துவது ‘புட் த சைல்ட் டவுன் ஆன் த பெட்’. இன்னும் சில, பிரிந்தே இருக்க வேண்டியவை. இரட்டையரை வேறுபடுத்தி அறிவதற்கு ‘டெல் த ட்வின்ஸ் அபார்ட்’. சேர்த்துச் சொன்னால் காதுக்கு ஒட்டாது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வினைக்குப் பின்னால் வரும் சிறுசொல் எல்லாம் ஒரே இனம் இல்லை. ‘ரான் அப் எ ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடினான். ‘ரான் அப் எ பில்’ என்றால் கடன் ஏற்றிக்கொண்டான். கண்ணுக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆனால் பில்லை நடுவில் வைக்கலாம், குன்றை நடுவில் வைக்க முடியாது. ஏனென்றால் முதல் வாக்கியத்தில் ‘அப்’ குன்றுக்குச் சொந்தம், இரண்டாவதில் வினைக்குச் சொந்தம். ‘லுக் ஆஃப்டர் த சைல்ட்’ என்பதில் குழந்தை ஒருபோதும் நடுவில் வராது; அங்கே பிரதிப்பெயரும் பின்னால்தான் வரும், ‘லுக் ஆஃப்டர் ஹிம்’. பட்டியல் முறையில் படித்த மாணவருக்கு ‘லுக் ஆஃப்டர்’, ‘டர்ன் ஆஃப்’ இரண்டும் அடுத்தடுத்த வரிகள். நடத்தையில் அவை வேறுவேறு. காது கொஞ்சம் உதவும்: வினைக்குச் சொந்தமான சிறுசொல்லில் பொதுவாக அழுத்தம் விழும், பெயருக்குச் சொந்தமானதில் பெரும்பாலும் விழாது. சத்தம் போட்டுப் படிக்க வைக்காத வகுப்பில் இந்த உதவியும் கிடைக்காது.

சில சமயம் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘ஹீ சா த பிளான் த்ரூ’ என்றால், அவர் திட்டத்தைக் கடைசிவரை நின்று நிறைவேற்றினார். ‘ஹீ சா த்ரூ த பிளான்’ என்றால், அந்தத் திட்டத்துக்குள் இருந்த சூதைக் கண்டுகொண்டார். ஒன்று உழைப்பைச் சொல்கிறது, மற்றது விழிப்பைச் சொல்கிறது. ஐந்து சொற்களும் அதேதான். பெயர்த்தொடர் நின்ற இடம் மட்டுமே வேறு. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் ‘சீ த்ரூ’ என்று பட்டியலில் போட்டு ஒரு பொருள் மட்டும் கொடுக்கும் நூல், மாணவருக்கு அநீதி செய்கிறது என்றே சொல்வேன்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிறுசொற்கள் பலவும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. பிறகு மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தன. 12ஆம் நூற்றாண்டில் பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பேட்டில், ஸ்டீஃபன் மன்னர் ஆயர்களைச் சிறையில் அடைத்து, அவர்கள் தங்கள் கோட்டைகளை விட்டுக்கொடுக்கும்வரை வைத்திருந்த செய்தி வருகிறது. அங்கே ‘விட்டுக்கொடுத்தல்’ என்பது இன்றைய ‘கிவ் அப்’பின் மூதாதைதான், ‘அப்’ வினைக்குப் பின்னால், கோட்டைகளுக்கு முன்னால் நிற்கிறது. நார்மானியர் வந்து பிரெஞ்சுச் சொற்கள் பெருகிய பிறகும் இந்த வினைகள் அழியவில்லை. ‘சரண்டர்’ அரசவைக்குப் போயிற்று, ‘கிவ் அப்’ வீட்டில் இருந்தது.

1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்தச் சேர்க்கைதான் அயலாருக்கு மிகப் பெரிய இடர் தருவது என்று குறிப்பிட்டு, அவற்றைச் சிரத்தையோடு தொகுத்ததாகவும் எழுதினார். நமக்காகக் கவலைப்பட்ட முதல் அகராதிக்காரர்களில் அவரும் ஒருவர். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் நூலில் ஏறிப் பரவியது லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலால். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1930இல், சி. கே. ஆக்டன் 850 சொற்களில் ‘பேசிக் இங்கிலிஷ்’ ஒன்றை அமைத்தார். அதில் வினை பதினெட்டே. ‘புட்’, ‘டேக்’, ‘கெட்’, ‘கோ’ முதலியவற்றோடு சிறுசொற்களைச் சேர்த்து மற்ற வினைகளின் வேலையை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சொற்பட்டியல் உண்மையிலேயே சுருங்கியது. ஆனால் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்ற ஒரு சொல்லைப் படிப்பதற்குப் பதிலாக, ‘புட் அவுட்’ என்பதில் பெயரை எங்கே வைப்பது என்பதைப் படிக்க வேண்டியதாயிற்று. பாரம் சொல்லிலிருந்து வரிசைக்கு மாறியது.

ஆங்கிலத்தின் உறவு மொழிகள் இதே சிக்கலை வேறு வேறாகத் தீர்த்திருப்பது எனக்கு என்றும் வியப்பு. சுவீடிஷ் மொழியில் சிறுசொல் பெயருக்கு முன்னால்தான், பிரதிப்பெயரானாலும் அப்படியே. பக்கத்து நாட்டு டேனிஷ் மொழியில் பின்னால்தான். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நார்வேஜியன் மொழியில் இரண்டு விதமும் உண்டு. ஜெர்மன் மொழியோ முதன்மை வாக்கியத்தில் பிரிந்த சிறுசொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடும். மார்க் ட்வைன் 1880இல் வெளியான தம் பயண நூலின் பின்னிணைப்பில் இந்தப் பிரிவினையைப் பற்றி நெடிதாக அலுத்துக்கொண்டார். ஆனால் ஜெர்மானியரும் கேட்பவரைக் கைவிடவில்லை: பெயரை விளக்கும் துணைவாக்கியத்தைச் சிறுசொல்லுக்குப் பின்னால் தள்ளி வைக்க அவர்களுக்கும் வழி இருக்கிறது. எந்த மொழியும் மனித நினைவின் எல்லையை மறந்துவிட்டு இலக்கணம் செய்துகொள்வதில்லை.

தமிழ் மாணவருக்கு இதில் தனிப்பட்ட ஓர் இடர்ப்பாடு உண்டு. நம்மிடமும் கூட்டுவினைகள் ஏராளம். ‘எழுதி வை’, ‘எழுதி விடு’, ‘எழுதிப் பார்’, ‘எழுதிக் கொள்’, ‘எழுதித் தள்ளு’ ஆகியவற்றின் வேறுபாட்டை ஒரு சிறு குழந்தையும் அறியும். ‘ஈட் அப்’ என்பதில் ‘அப்’ செய்யும் வேலையை ‘சாப்பிட்டுவிடு’ என்பதில் ‘விடு’ செய்கிறது. பேச்சுத் தமிழுக்கு விரிவான இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன் இந்தத் துணைவினைகளுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் நம் கூட்டுவினையின் நடுவில் எது புகும்? ‘எழுதியே விட்டான்’, ‘எழுதித்தான் வைத்தான்’ என்று ஏகாரமோ ‘தான்’ என்ற அழுத்தமோ புகும். பெயர் புகாது. ‘எழுதிக் கடிதத்தை விட்டான்’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். ஆகவே ‘டர்ன் ஆஃப்’ என்று சேர்த்துக் கற்ற தமிழ்க் குழந்தை ‘டர்ன் ஆஃப் இட்’ என்று சொல்லும்போது, அது அறியாமையால் சொல்லவில்லை; தன் தாய்மொழி கற்றுத்தந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உன் மொழியில் இந்தக் கதவு மூடியிருக்கும், அந்த மொழியில் திறந்திருக்கும்’ என்று ஒரு தடவை விளக்கினால் குழந்தை பிடித்துக்கொள்ளும்.

நாம் ஆங்கிலத்திடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்களே இதற்குச் சாட்சி. மேக்கப், லாக்கப், செக்கப், பிக்கப், ரன் அவுட், கட்அவுட், படப்பிடிப்பு முடிந்ததும் சொல்லும் பேக்கப் என்று எத்தனையோ வந்துவிட்டன. எல்லாமே உருகி ஒட்டிய ஒற்றைச் சொல்லாக வந்திருக்கின்றன. ‘என்னை ஸ்டேஷன்ல பிக்கப் பண்ணிக்கோ’ என்கிறோம். ‘என்னை’ என்ற செயப்படுபொருள் தமிழ் வழக்கப்படி முன்னால் போய்விட்டது. வினையாக்கும் வேலையைப் ‘பண்ணு’ ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் வந்து உட்கார்ந்த அந்த நடு இடம் நம் வாயில் அடைபட்டுவிட்டது.

இந்த ஒட்டுதல் ஆங்கிலத்துக்குள்ளேயும் நடக்கிறது. வினையாக இருந்தது பெயராகவோ அடையாகவோ மாறி, வருணனைத் தொடருக்குள் புகுந்துவிடுகிறது. பேருந்து பழுதாகி நிற்பது ‘பிரேக் டவுன்’. அப்படி நிற்கும் பேருந்து ‘எ புரோக்கன் டவுன் பஸ்’. தேய்ந்த செருப்பு, இட்டுக்கட்டிய கதை, வளர்ந்த பிள்ளை எல்லாவற்றையும் இதே முறையில் வருணிக்கலாம். இடையில் இணைகோடு போடுவார்கள். பெயராகும்போது அழுத்தம் முதல் பகுதிக்கு நகர்ந்துவிடும். இதற்குப் பக்கத்திலேயே பழைய வரிசையும் உயிரோடு இருக்கிறது: சிறுசொல் முன்னால் வரும் ‘அவுட்கம்’, ‘இன்கம்’, ‘டவுன்போர்’. இரு வரிசையும் ஒரே வேரிலிருந்து வந்து பொருளில் பிரிந்துபோன இணைகளும் உண்டு. மனை விற்பவர் சொல்லும் லேஅவுட் நிலத்தின் அமைப்பு. ‘அவுட்லே’ செலவிட்ட பணம். சிறையிலிருந்து தப்புவது ‘பிரேக்அவுட்’. நோய் கிளம்பிப் பரவுவது ‘அவுட்பிரேக்’.

வினை பெயராகும்போது ஒன்றை இழக்கிறது, அது காலம். ‘டேக்கிங் ஆஃப்’ என்றால் செயல் இப்போது நடக்கிறது. ‘டேக் ஆஃப்’ என்ற பெயர் நடந்ததா, நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்று தானாகச் சொல்லாது. இந்த இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃப் தீவில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. ஒன்று டச்சு நிறுவனமான கேஎல்எம், மற்றது பான் அமெரிக்கன். 583 பேர் இறந்தார்கள். கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்கள் இந்தச் சிறு நிலையத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. நெரிசல், பனி, அவசரம் எனக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று மொழி.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து டச்சு விமானத்துக்கு, கிளம்பிய பின் எந்த வழியில் திரும்ப வேண்டும் என்ற வழித்தட அனுமதி மட்டும் வந்தது. அந்த அறிவிப்புக்குள்ளும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தாங்கள் இப்போது ‘அட் டேக் ஆஃப்’ என்று சேர்த்தார். விமானம் அப்போது உருளத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளருக்கோ, கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று கேட்டது. அவர் ‘ஓகே’ என்றார். பிறகு காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானத்திலிருந்தும் பேச்சு வந்ததால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கீச்சொலியாயின. டச்சு விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’தான். துணை விமானி வினையாகச் சொல்லியிருந்தால் காலம் தெரிந்திருக்கும். டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் ஓர் அமைப்பே அவர் வாயில் அப்படி வந்தது என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. ஸ்டீவன் குஷிங் 1994இல் விமான விபத்துகளில் மொழியின் பங்கைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தொடரை ஆராய்ந்திருக்கிறார். அந்த விபத்துக்குப் பிறகு உலகெங்கும் வானொலிப் பேச்சு மாற்றப்பட்டது. ஓடுபாதையிலிருந்து மேலெழ உண்மையான அனுமதி தரும்போதோ, அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உச்சரிக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’.

ஒரு வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்தது, அது பெயராக மாறியது, அந்தப் பெயர் ஒரு தொடருக்குள் புகுந்தது, காலம் மறைந்தது. இதை இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வகுப்பறைக்கு வருகிறேன். ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கும்படி வேண்டுகிறேன். கரும்பலகையில் ‘பிக் இட் அப்’ என்று எழுதுங்கள். ‘இட்’டை அழித்து ‘த பேக்’ என்று போடுங்கள். பிறகு ‘த ரெட் பேக்’. பிறகு மேசையின் கீழே இருக்கும் சிவப்புப் பை. பிறகு உன் தம்பி மேசையின் கீழே மறந்துவிட்டுப் போன சிவப்புப் பை. ஒவ்வொரு படியிலும் மாணவர்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படியில் ‘அப்’பை முன்னுக்கு இழுக்கத் தோன்றுகிறது என்று கை தூக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே படியில் கை தூக்க மாட்டார்கள். தூக்க வேண்டியதும் இல்லை, ஆங்கிலேயர்களும் ஒரே படியில் மாற்றுவதில்லை. இரண்டாம் நாள், அதே பையைக் கதையில் முதன்முறை வரும் பொருளாகவும் ஏற்கெனவே தெரிந்த பொருளாகவும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள், ‘லுக் ஆஃப்டர்’ என்பதைக் கொடுத்து, எவ்வளவு சிறிய பெயரானாலும் ஏன் நடுவில் நுழையவில்லை என்று அவர்களையே கேளுங்கள். ‘புட் அப் வித்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ போன்ற மூன்று சொல் வினைகளில் பெயர் ஏன் எப்போதும் கடைசியில் வருகிறது என்ற கேள்விக்கு, அந்த மூன்றாம் நாள் விடையை வைத்து அவர்களாகவே பதில் சொல்லிவிடுவார்கள். அங்கே கடைசிச் சிறுசொல் பெயருக்குச் சொந்தம். பாடநூல் எழுதும் குழுக்களில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், அந்த ஒரு பக்கப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் வினையோடு ஒரு சிறிய பெயரையும் ஒரு நீண்ட பெயரையும் சேர்த்து, இரண்டு வாக்கியமாக அச்சிட்டுத் தாருங்கள். பக்கம் இரண்டாகும். அந்த இன்னொரு பக்கத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.